செசிலியா வீட்டுக் கசெட்

அத்தியாயம் 17

மேசை லாச்சிக்குள் கண்டெடுத்த பட்டியலோடு லீலாதேவியைப் போன வாரம் அப்படியே நிற்கவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஏழு நாளும் அவள் அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மொத்தம் ஒன்பது பெயர்கள். எல்லாம் அவள் கணவன் மகேந்திரராசாவின் அச்சடித்தது போன்ற எழுத்து. எட்டுப் பெயர்கள் சிவப்புப் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று: செசிலியா, ஹிந்தகல. அதற்குப் பக்கத்தில் ஐந்து திகதிகள். ஐந்தும் சனிக்கிழமைகள்.

கண்டியில் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிற ஒரு கொக்குவில்காரனுக்கு ஹிந்தகலையில் ஐந்து சனிக்கிழமை என்ன வேலை? அவனிடம் கேட்டால் ஒரே பதில்தான். “கசெட் விசயம்.”

இந்தக் கசெட் பைத்தியத்தைப் புதிய வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ‘கிரே ஹெரன்ஸ்’ என்று ஒரு ரொக் குழு இருந்தது. நான்கு பேர், தோள்வரை தலைமயிர். எழுபத்தொன்றில் சண்டைபிடித்துப் பிரிந்துவிட்டார்கள். அவர்களுடைய இசைத்தட்டுகள் கொழும்புக் கடைகளில் கிடைக்கும். மகேந்திரராசாவுக்கு அவை வேண்டாம். இசைத்தட்டு வருவதற்கு முன்னால், பாட்டு இன்னும் பாட்டாகாத நேரத்தில், அவர்கள் பதிந்து பார்த்த டெமோக்கள்தான் வேண்டும். குழு வெளியிடாதவை. யாரோ ஸ்ரூடியோவிலிருந்து கடத்திய பிரதி, அதன் பிரதி, அந்தப் பிரதியின் பிரதி. கிற்றார்காரன் பாதியில் பிழை விடுவான், தூஷணத்தில் ஏதோ சொல்வான், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். அதைக் கேட்டு மகேந்திரராசா கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான்.

“சரியாப் பாடினதை ஆரும் கடையிலை வாங்கலாம். பிழை விட்டதை எங்களை மாதிரி ஆக்கள்தான் தேடிப் பிடிக்கலாம்” என்பான்.

அப்படித் தேடிப் பிடித்த இருநூற்றுப் பன்னிரண்டு கசெட்டுகளையும் எண்பத்துமூன்று யூலையில் வீட்டுக்குள் புகுந்தவர்கள் வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். அதே நெருப்பில் லீலாவின் கூறைச் சேலையும் போனது. அகதி முகாமில் மகேந்திரராசா மூன்று நாள் சாப்பிடவில்லை. கூறைச் சேலையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை என்பது லீலாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கும் நினைவிருக்கிறது, நான் அவள் பக்கம்.

கண்டிக்குத் திரும்பி வந்ததும் மீட்பு வேலை தொடங்கியது. கசெட் சேர்ப்பவர்களுக்குள் ஒரு நியாயம் உண்டு. பிரதி கொடுத்தவனுடையது தொலைந்தால், வாங்கியவன் தன்னுடையதிலிருந்து ஒரு பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டவுனில் கசெட் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் நடத்தும் அலவத்துகொட முனாப் கொடுத்தார். புசல்லாவையில் தேயிலைத் தொழிற்சாலைக் கிளாக்கர் அழகையா கொடுத்தார். இப்படி எட்டுப் பேர் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் மட்டும் ஐந்து சனிக்கிழமையாகியும் கொடுக்கவில்லை. லீலாவைக் கேட்டால், ஐந்து சனிக்கிழமையாகியும் இவருக்கு வாங்கி முடியவில்லை என்பாள்.

இன்று ஆறாவது சனிக்கிழமை.

“முனாப்பின்ரை கடைக்குப் போட்டு, அப்பிடியே வேறையொரு இடத்துக்கும் போட்டு வாறன். மத்தியானம் பாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மகேந்திரராசா காலை ஒன்பதுக்கே புறப்பட்டுவிட்டான்.

அவன் படலையைச் சாத்தியதும் அவனுடைய தங்கை சரோஜினிதேவி குசினிக்குள் வந்தாள். ஆசிரியை, இன்னும் கலியாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளுக்குக் கண் கூர்மை அதிகம்.

“மச்சாள், அண்ணா வழிச்சுச் சவரம் எடுத்து, ஓடிக்கொலோனும் பூசிக்கொண்டெல்லே போறார். முனாப் நானாவுக்காகவோ?”

“உனக்கு வேறை வேலை இல்லையோ சரோ?”

“எனக்கென்ன. கண்டதைச் சொன்னன்.”

லீலா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயத்தைக் காரணம் காட்டலாம், அந்த வசதியாவது இருந்தது.

அவளைச் சுட்டது ஓடிக்கொலோன் அல்ல. பழைய நினைவு ஒன்று. அந்த நாளில் வயர் பூட்டிப் பிரதி எடுக்க வீட்டில் வசதி இல்லை. இரண்டு கதிரைகளை எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றில் பாடுகிற ரெக்கோடரும் மற்றதில் பதிகிற ரெக்கோடரும் இருக்கும். ஒரு பக்கம் முடியும்வரை வீட்டில் யாரும் மூச்சுக் காட்டக்கூடாது. குழாய் திறக்கக்கூடாது. கறி தாளிக்கக்கூடாது. லீலா அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் குசினியில் நிற்பாள். அப்படி நின்றதெல்லாம் ஹிந்தகலையில் ஒருத்தி சாவகாசமாகக் கேட்பதற்காகவா?

கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

“சரோ, நானும் ஒருக்கால் வெளியிலை போட்டு வாறன்.”

“எங்கை மச்சாள்?”

“ஹிந்தகலைக்கு.”

மூட்டிவிட்டவளுக்கே இப்போது பயம் பிடித்தது. “ஐயோ, நான் பகிடிக்கெல்லே சொன்னனான்! தனியவோ போறியள்? வழியிலை செக் பண்ணுறாங்களாம்.”

“பண்ணட்டும். ஐடென்டிற்றி காட் இருக்கு.”

நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தினாள். அவளுக்கு இன்று ஒரே ஒரு விசயம் தெரிய வேண்டும். மகேந்திரராசா தன்னுடையவனா, இல்லையா? ஒன்பது வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகு ஒரு பெண் பஸ் ஏறிப்போய் விசாரிக்க வேண்டிய கேள்வியா இது? ஆனால் அவளுக்குக் கேட்க வேறு இடம் இல்லை.

கலஹா பஸ்ஸில் சனக்கூட்டம். ஏறுவதற்கு முன் பொட்டைத் துடைத்துவிடுகிற பழக்கம் இரண்டு வருடமாகியும் போகவில்லை. கொண்டக்டரிடம் சிங்களத்தில் டிக்கெட் கேட்டாள். பேராதனைப் பாலத்தடியில் ஆமிக்காரன் ஏறினான், இளம் ஆண்களை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு விட்டான். இன்னொரு நாளென்றால் லீலாவுக்கு நெஞ்சு அடித்திருக்கும். இன்று அவளுடைய நெஞ்சு வேறு வேலையில் இருந்தது.

ஹிந்தகலையில் இறங்கியதும், தரிப்பிடத்தில் மரக்கறிக் கூடையோடு இருந்த ஒரு தோட்டத்து அம்மாவிடம் செசிலியாவின் வீடு எது என்று மெதுவாகத் தமிழில் கேட்டாள்.

“லைப்ரரி மிஸ்ஸுங்களா? அந்த மேட்டு வூட்டு அனெக்ஸுல இருக்காங்க. நல்லவங்கம்மா. யாரு கூடவும் பேச்சு வார்த்தை இல்ல, ரேடியோப் பொட்டியே கதின்னு கெடப்பாங்க.” அம்மா லீலாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பதான் கொஞ்ச நாளா ஒரு சாரு சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை வந்து போறாரு. கலியாணம் கிலியாணம் பேசுறாங்களோ என்னவோ. நீங்க அவங்க பக்கத்து ஆளுங்களா?”

“ஓம்” என்றாள் லீலா. “அவரின்ரை பக்கத்து ஆள்தான்.”

மேட்டில் ஏறும்போது செசிலியாவை மனதுக்குள் பல விதமாக அலங்கரித்துப் பார்த்தாள். நீளக் கூந்தல் வைத்தாள். மெல்லிய இடை வைத்தாள். இங்கிலிஷ் பேசுகிற உதடுகள் வைத்தாள். கதவைத் தட்டுகிற நேரம் அவள் பேரழகியாகிவிட்டிருந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். தடித்த கண்ணாடி, கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர், வெளிறிய ஹவுஸ்கோட், விரல் நுனியில் நூலக முத்திரை மை. லீலாவுக்கு ஒருவிதத்தில் ஏமாற்றம். அழகியாக இருந்திருந்தால் வெறுக்க இலகு.

“ஆர் வேணும்?”

“இஞ்சை செசிலியா மிஸ் எண்டு… நான் கண்டியிலையிருந்து வாறன்.”

கதவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. செசிலியா தலையைச் சற்றுச் சரித்தாள்.

“இன்னொருக்கால் கதையுங்கோ.”

“என்ன?”

“நீங்கள் லீலா” என்றாள் செசிலியா. கேள்வியாகக் கேட்கவில்லை.

லீலாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. இவளிடம் என் பெயரையும் சொல்லி வைத்திருக்கிறார்! “ஓ, என்னைப் பற்றியும் கதைக்கிறவரோ? படமும் காட்டினவரோ?”

“படம் காட்டேல்லை. உங்களைப் பற்றி ஒண்டும் சொன்னதுமில்லை. உங்கட குரலைத் தெரியும். உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ.”

ஒற்றை அறை. ஒரு கட்டில், மாதா படம், புத்தகங்கள், மேசையில் ஒரு ரெக்கோடர். செசிலியா ஒரு கசெட்டை எடுத்துப் போட்டாள். உறையில் மகேந்திரராசாவின் எழுத்து. ‘கிரே ஹெரன்ஸ், சலவை அறை டெமோ, பதினொரு பாட்டு.’ விரும்பிய இடத்துக்கு நாடாவை ஓடவிட அவள் இலக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைக்கே பழகியிருந்தது.

ஒரு பாட்டு முடிந்தது. தூரத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் இருமினான். பிறகு, அவனை விடக் கிட்டத்தில், சட்டி ஒன்று சத்தம் போட்டது.

“இஞ்சேருங்கோ, முடிஞ்சுதோ? தாளிக்கட்டோ?”

“உஷ்! லீலா, இன்னும் ஒரு பாட்டு.”

“உங்கட வெள்ளைக்காரனுக்குத் தொண்டை நோகாதோ? எனக்குப் பசிக்குது.”

“என்ரை ராசாத்தியெல்லே. அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசத்துக்கு ராசாத்திக்கு என்ன தருவியள்?”

ஏதோ பதில், அது கேட்கவில்லை. காப்புகள் குலுங்கின. இரண்டு பேர் சிரித்தார்கள், அடக்கப் பார்த்து முடியாமல் பிறகு பலமாக. அந்தச் சிரிப்பின் மேலேயே அடுத்த பாட்டின் கிற்றார் தொடங்கியது.

செசிலியா நிறுத்தினாள்.

லீலாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. “இது… இதெல்லாம் இதுக்குள்ளை விழுந்திருக்கோ?”

“இரண்டு பிரதி எடுத்தவராம். வடிவானதைத் தான் வைச்சுக்கொண்டார். பழுதாப்போனதை எனக்குத் தந்தார். முனாப்பின்ரை கடையிலை வைச்சுத்தான், வேறை எங்கையும் இல்லை.” செசிலியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “மூலமும் வடிவானதும் எரிஞ்சு போச்சு. பழுதானது தப்பீற்றுது. நான் பாட்டுக்காகத்தான் வாங்கினனான், லீலா. இப்ப பாட்டுக் கேக்கிறேல்லை. வேலையாலை வந்து, தேத்தண்ணியும் ஊத்திக்கொண்டு, இந்த இடத்தைத்தான் போட்டுப் போட்டுக் கேக்கிறன். என்னை ஒருத்தரும் அப்பிடி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நீங்கள் என்னிலை கோவத்தோடை வந்திருக்கிறியள் எண்டு முகத்திலை தெரியுது. உண்மையைச் சொல்லப்போனால் மூண்டு வருசமாய் உங்களிலை எனக்குத்தான் எரிச்சல்.”

பொறாமையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவளுக்கு, வந்த இடத்தில் அதை விடப் பெரிய பொறாமை கதிரை போட்டுக் கொடுத்தது. லீலாவுக்கு முதலில் ஒரு பெருமை வந்தது, மறைப்பதற்கில்லை. ஒன்பது பேருக்குப் பிரதி போயிருக்கலாம், ராசாத்தி ஒருத்திதான்.

“இன்னொருக்கால் போடுங்கோ” என்றாள்.

இரண்டாம் முறை கேட்டபோது பெருமை குறைந்தது. மூன்றாம் முறை அது முற்றாகப் போய்விட்டது.

எண்பத்துமூன்றுக்குப் பிறகு அவன் அவளை ராசாத்தி என்று கூப்பிடவில்லை. அவளும் அப்படிச் சிரிக்கவில்லை. முகாமிலிருந்து வந்த பிறகு இரண்டு பேரும் அரிசி, மண்ணெண்ணெய், கொக்குவிலிலிருந்து வராத கடிதம் என்று வேண்டியதை மட்டும் பேசிப் பழகிவிட்டார்கள். அந்த நாடாவுக்குள் பசிக்குது என்று சிணுங்குகிறாளே ஒருத்தி, அவளை நினைக்க லீலாவுக்கு வயிறு எரிந்தது. செசிலியா மேல் வராத அளவு பொறாமை தன் குரல் மேல் வந்தது.

“அப்ப ஏன் அவருக்கு ஒரு பிரதி குடுக்கேல்லை?” என்று கேட்டாள். “ஆறு கிழமையாய் அலையிறார்.”

செசிலியா அவளை வியப்போடு பார்த்தாள். “உங்களுக்குச் சொல்லேல்லையோ? அவர் பிரதி கேக்கேல்லை. இந்தக் கசெட்டையே கேக்கிறார்.”

“ஏனாம்?”

“லண்டனிலை இசைத்தட்டுக் கடை வைச்சிருக்கிற ஒரு வெள்ளைக்காரன். அவனும் இதுகள் சேக்கிறவன். இந்தச் சலவை அறைப் பதிவு உலகத்திலை வேறை ஒருத்தரிட்டையும் இல்லையெண்டு நினைக்கிறான். கசெட்டை அனுப்பினால் தன்ரை கடையிலை வேலை தாறதெண்டு விசாவுக்குக் கடிதம் எழுதித் தருவானாம். ஆனால் வேறை எங்கையும் பிரதி இருக்கக்கூடாதாம், தன்னட்டை மட்டும்தான் இருக்கவேணுமாம். அவனுக்கும் இந்தக் கசெட் பைத்தியந்தான்.” செசிலியா ரெக்கோடரின் மேல் கையை வைத்தாள். “அதோடை, உங்கட கதையையும் சிரிப்பையும் முனாப்பைக் கொண்டு அழிப்பிச்சுப்போட்டுத்தான் அனுப்புவாராம். அதுதான் நான் குடுக்கேல்லை.”

லண்டன் என்பது லீலாவின் வீட்டில் இதுவரை ஒருநாளும் பேசப்படாத சொல். வைகாசியிலிருந்து விசா இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது என்று பேப்பரில் வந்தபோது மகேந்திரராசா அந்தத் தாளை மடித்து வைத்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ரெக்கோடரிலிருந்து கசெட்டைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செசிலியா தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

மகேந்திரராசா வாசலில் நின்றான். கதிரையில் தன் மனைவி இருப்பதைக் கண்டான். அவனுடைய கண் அவள் முகத்துக்குப் போகவில்லை. நேரே மடியில் இருந்த கசெட்டுக்குப் போனது. பிறகுதான் முகத்துக்கு வந்தது. அந்த ஒரு கணத்தை லீலா பார்த்துவிட்டாள்.

“நீ எப்பிடி இஞ்சை…”

“இருங்கோ” என்றாள் லீலா. “எல்லாம் கேட்டாச்சு.”

அவன் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். “லீலா, நீ நினைக்கிற மாதிரி இஞ்சை ஒண்டுமில்லை.”

“தெரியும். நான் நினைச்ச மாதிரி இருந்திருந்தால் சண்டை பிடிச்சுப்போட்டுப் போயிருப்பன். லண்டன்காரன் கடிதம் எத்தினை பேருக்குத் தருவான்?”

அவன் செசிலியாவைப் பார்த்தான். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒராளுக்குத்தான்” என்றான். “நான் முதல் போய், ஒரு இடம் பிடிச்சு, பிறகு உன்னையும் சரோவையும் கூப்பிடலாமெண்டு… எல்லாரும் இப்ப அப்பிடித்தானே போகினம். இஞ்சை இன்னொருக்கால் வீட்டுக்குள்ளை வந்தாங்களெண்டால் என்ன செய்யிறது?”

“அப்பிடி வந்தால் நானும் சரோவும்தானே வீட்டிலை இருப்பம்?”

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.

“எனக்கு எப்ப சொல்ல இருந்தனீங்கள்?”

“விசா கிடைச்சாப் பிறகு. அதுக்கு முதல் சொன்னால் நீ வீணாய் யோசிப்பாயெண்டு…”

“என்ரை குரலை அழிச்சாப் பிறகு.”

“அது சத்தம், லீலா. அந்தாள் சத்தம் இருந்தால் வேண்டாமெண்டு சொல்லுவான். மற்றும்படி எனக்கு அதிலை…” அவனுக்கு வாக்கியத்தை முடிக்க வரவில்லை. செசிலியா மூன்று வருடம் தேத்தண்ணீரோடு கேட்டதை அவன் சத்தம் என்றான். அறையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அது ஒன்றாகவே தைத்தது.

லீலா கசெட்டைக் கையில் எடுத்தாள். அவளுக்கு அழுகை வரும் என்று அவன் எதிர்பார்த்தான். அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை.

“அழிக்க வேண்டாம். இப்பிடியே போகட்டும். உலகத்திலை இது ஒண்டுதான் இருக்கெண்டால் சத்தத்தோடையும் அவன் வாங்குவான். கசெட் சேக்கிற உங்கட ஆக்களை எனக்குத் தெரியாதே?” நிதானமாகத்தான் சொன்னாள். “ஆனால் கடிதத்தை என்ரை பேருக்கு எழுதச் சொல்லுங்கோ.”

“உன்ரை பேருக்கோ?” அவன் எழுந்துவிட்டான். “உனக்கென்ன விசரே? நீ அங்கை தனியப் போய் என்ன செய்வாய்? அந்தப் பாட்டிலை ஒரு வரி தெரியுமோ உனக்கு?”

“கடையிலை நிண்டு சாமான் விக்கப் பாட்டுத் தெரியத் தேவையில்லை. நான் முதல் போய் ஒரு இடம் பிடிச்சு, பிறகு உங்களையும் சரோவையும் கூப்பிடுறன். எல்லாரும் அப்பிடித்தானே போகினம்.”

மகேந்திரராசா செசிலியாவிடம் திரும்பினான். “மிஸ், நீங்களாவது சொல்லுங்கோ.”

“கசெட் நீங்கள் எனக்குத் தந்தது, இப்ப அது என்ரை” என்றாள் செசிலியா. கொடுத்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு அவளுக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். “உங்களுக்குத் தரமாட்டன். லீலாவுக்குக் குடுக்கிறன். அவ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.”

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபம் வந்தது, பிறகு இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு தவிப்பைக் கண்டாள் லீலா. விட்டுவிட்டுப் போகிறவனுடைய தவிப்பல்ல அது, விடப்படப் போகிறவனுடைய தவிப்பு.

“நீ போயிட்டாயெண்டால்” என்றான் மெதுவாக, “நான் இஞ்சை தனிய என்ன செய்யிறது லீலா?”

“இந்தக் கேள்வியை எனக்காக ஒருக்காலாவது உங்களிட்டைக் கேட்டுப் பாத்தனீங்களோ?”

வெளியே கலஹாவிலிருந்து வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு இறக்கத்தில் போனது.

“இல்லை” என்றான் மகேந்திரராசா.

‘கேட்டனான்’ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் இளகி அந்த நிமிடமே கசெட்டை அவனிடம் கொடுத்திருப்பாளோ என்னவோ. லீலாதேவி அதைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பிறகு, லண்டன்காரனின் விலாசத்தைத் தரும்படி அவனிடம் கையை நீட்டினாள்.